கிராண்ட் கேமன் திருக்கை உலா: சிறிய படகா, பெரிய படகா?

கொள்ளிடக்கரை | பிப்ரவரி 11

வணக்கம். மார்ச் கடைசி வாரம் மயாமியிலிருந்து கிளம்பும் ஏழு இரவுக் கப்பலில் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. நீச்சல் தெரியாது. ஆற்றில் முழங்கால் நனைத்ததோடு சரி.

நான்காம் நாள் கரீபியன் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவு. காலை எட்டு மணிக்குக் கப்பல் போய்ச் சேரும், பிற்பகல் மூன்றரைக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. அங்கே கடல் நடுவே இடுப்பளவு நீரில் நின்று திருக்கை மீன்களைத் தொடலாம் என்று மகள் எங்கோ படித்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் உலாவில் பெரிய கேட்டமரான் படகு, அறுபது எழுபது பேர். வெளியில் தனியாகப் பதிவு செய்தால் பதினாறு பேர் மட்டும் ஏறும் சிறிய படகு, விலை கொஞ்சம் கூடுதல். கூட்டம் இருக்காது என்பதால் என் மனம் சிறிய படகின் பக்கம் சாய்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நங்கூரம் | பிப்ரவரி 11

மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டு முறை சிறிய படகு, ஒரு முறை பெரியது. சிறிய படகில் போனால் கூட்டம் இருக்காது என்பது பாதி உண்மை. படகில் கூட்டம் இருக்காது. ஆனால் நீங்கள் இறங்கி நிற்கப்போவது எல்லாப் படகும் வந்து சேரும் அதே மணல்திட்டில். முதல் முறை பதினான்கு பேராக ஆனந்தமாகப் போனோம். போய்ப் பார்த்தால் திட்டு முழுவதும் படகுகள், தேர்த் திருவிழா போல மனிதத் தலைகள். திருக்கையைவிட அடுத்தவர் முழங்கைதான் அதிகம் பட்டது.

எனவே படகில் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்பு அன்று தீவுக்கு எத்தனை கப்பல் வருகிறது என்று பாருங்கள். துறைமுக அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஒரு கப்பல் வரும் நாளும் ஐந்து கப்பல் வரும் நாளும் இரு வேறு ஊர்கள். அடுத்து, படகுக்காரரிடம் "மணல்திட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம்" என்று கேளுங்கள். கிளம்பும் நேரத்தை எல்லோரும் சொல்வார்கள், சேரும் நேரத்தைக் கேட்டால்தான் ஆள் தெரியும்.

ஊர் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் நிற்பது மேற்குக் கரையில், தலைநகர் ஜார்ஜ் டவுனுக்கு எதிரே. மணல்திட்டோ வடபுறத்தில், நார்த் சவுண்ட் என்னும் ஆழமில்லாத பெரிய குடாவின் வாய்ப்பகுதியில், பவளப்பாறை வரிசைக்கு உட்புறம். ஆகவே கப்பலிலிருந்து கரைக்கு ஒரு படகு, கரையிலிருந்து குடாவின் படகுத்துறைக்கு பஸ்ஸில் கால் மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து திட்டுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் இன்னொரு படகு. ஏழரை மணி நேரம் கையில் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "ஸ்டிங்ரே சிட்டி" என்ற பெயரை இரண்டு இடங்களுக்கும் சேர்த்தே சொல்வார்கள். ஒன்று பன்னிரண்டு அடிக்கு மேல் ஆழமுள்ள இடம், முக்குளிப்பவர்களுக்கு உரியது. உங்களுக்கு வேண்டியது மணல்திட்டு. பதிவுச் சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

சிக்கனசிவம் | பிப்ரவரி 12

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? கரையில் இறங்கினால் பலகை பிடித்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். பேரம் பேசினால் கப்பல் விலையில் பாதிக்கு வரும். நாங்கள் அப்படித்தான் போனோம்.

ஒன்று மட்டும் கவனம். விலை எந்த டாலரில் என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். தீவுக்குத் தனி டாலர் இருக்கிறது. ஒரு கேமன் டாலருக்கு 1.20 அமெரிக்க டாலர் என்று நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பணத்தை எல்லா இடத்திலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் பலகையில் இருக்கும் எண் எந்தப் பணத்தில் என்பது வேறு விஷயம். நான் சாப்பாட்டுக் கடையில் ஏமாந்தேன்.

நங்கூரம் | பிப்ரவரி 12

சிவம் ஐயா, தனி ஆளுக்கு உங்கள் வழி சரி. ஐந்து வயதுப் பிள்ளையையும் அறுபத்தெட்டு வயது அம்மாவையும் வெயிலில் நிறுத்திவைத்துப் பேரம் பேசினால் மிச்சமாகும் பணத்தைவிட வீட்டில் கேட்கும் பேச்சு அதிகம். அதோடு அந்த வண்டி நிறையும்வரை கிளம்பாது.

ரொறன்ரோ_மலர் | பிப்ரவரி 12

கொள்ளிடக்கரை தம்பி, படகைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது இன்றைக்கும் ஆறாத புண்.

கேமன் தீவுகளில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. குளிர்காலத்தில் மயாமி நேரமும் அவர்கள் நேரமும் ஒன்று. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவும் கனடாவும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததும், தீவு ஒரு மணி நேரம் பின்தங்கிவிடும். பல கப்பல்கள் தீவுக்காகத் தங்கள் மணியை மாற்றுவதில்லை. கப்பலில் ஒன்பது என்றால் கரையில் எட்டு.

நாங்கள் போனது ஏப்ரலில். சிறிய படகுக்குத் தனியாகப் பதிவு செய்திருந்தோம். எட்டரைக்குச் சந்திப்பு என்று மின்னஞ்சலில் இருந்தது. நாங்கள் கப்பல் மணிப்படி எட்டரைக்கு, அடித்துப் பிடித்து, காலை உணவுகூட இல்லாமல் கரைக்கு ஓடினோம். யாரும் இல்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, படகுக்காரரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் அவர் சொன்னது தீவு நேரம் என்று விளங்கியது. அவர் மின்னஞ்சலில் அதை ஒரு வரி எழுதியிருக்கலாம் என்பது வேறு கதை.

அதற்குள் எங்கள் கைபேசிகள் தீவுக் கோபுரத்தைப் பிடித்துத் தாமாகவே நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தன. மாலையில் கணவர் கைபேசியைப் பார்த்து "இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது, ஐஸ்கிரீம் குடிப்போம்" என்றார். பக்கத்தில் நின்ற வேறொரு கப்பல் பயணி சொல்லியிருக்காவிட்டால் அந்த ஐஸ்கிரீமின் விலை அடுத்த துறைமுகத்துக்கு விமானச் சீட்டு. கடைசிப் படகில் ஏறினோம். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

உங்கள் பயணமும் மார்ச் கடைசி. கப்பல் உலாவில் போனால் அவர்கள் தாமதித்தாலும் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். தனியாகப் போனால் காத்திராது.

கொள்ளிடக்கரை | பிப்ரவரி 12

மலர் அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. இனி எந்த நேரம் எழுதினாலும் கப்பல் நேரம், தீவு நேரம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

எங்கள் கப்பல் துறையிலேயே நிற்காதா? கரைக்குப் போக இன்னொரு படகு என்கிறீர்களே?

நங்கூரம் | பிப்ரவரி 12

ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல் வந்து ஒட்டும் துறை கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்கும், டெண்டர் படகுகள் ஆட்களை ஏற்றி இறக்கும். துறை கட்டலாமா என்று பல ஆண்டுகளாகத் தீவில் சண்டை. 2025 ஏப்ரலில் மக்களிடமே வாக்கெடுத்தார்கள், வேண்டாம் என்றார்கள். பவளப்பாறை போய்விடும் என்பது எதிர்த்தவர்கள் சொன்ன பெரிய காரணம்.

இதனால் உங்களுக்கு என்ன என்றால், கப்பல் உலாவில் பதிந்தவர்களை முதல் டெண்டர்களில் அனுப்புவார்கள். தனியாகப் போகிறவர்கள் எண் சீட்டு வாங்கி வரிசையில் காத்திருக்க வேண்டும். காலையிலேயே சீட்டு வாங்கிவிடுங்கள். கப்பல் வந்து ஒன்றேகால் மணி நேரமாவது கழித்துத்தான் சந்திப்பு நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய படகுகள் காலையில் ஓர் அலை, நண்பகலை ஒட்டி இன்னோர் அலை என்று வருவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே திட்டு கொஞ்சம் மூச்சுவிடும். முதலில் பவளப்பாறைத் தோட்டத்தில் ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி நீருக்குள் பார்ப்பது) செய்ய விட்டுவிட்டு, பிறகு திட்டுக்குக் கூட்டிப்போகும் சிறிய படகுக்காரர்கள் உண்டு. என் மூன்றாவது பயணம் அப்படி. திட்டில் எங்களோடு இரண்டே படகுகள். சிறிய படகின் உண்மையான லாபம் இதுதான், வரிசையை மாற்றிக்கொள்ள முடியும். எல்லோரும் போகும் நேரத்திலேயே அதுவும் போகிறது என்றால் கூடுதல் பணம் வீண்.

பாம்பன்காற்று | பிப்ரவரி 13

நான் கப்பலில் போனவன் இல்லை. பாம்பனில் மீன்பிடிக் குடும்பம், இப்போது ஹூஸ்டனில் வேலை. திருக்கை என்ற சொல்லைப் பார்த்து உள்ளே வந்தேன்.

எங்கள் பக்கம் வலையில் திருக்கை விழுந்தால் முதலில் வாலைத்தான் பார்ப்பார்கள். முள் இருப்பது அங்கே. என் சித்தப்பாவுக்குக் கணுக்காலில் குத்தியது. வலியைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பணம் கொடுத்து அதன் நடுவே போய் நிற்கிறார்கள் என்றால் அவர் சிரிப்பார்.

ஆனால் பயமுறுத்த வரவில்லை. திருக்கை வலிய வந்து குத்தும் மீன் அல்ல. பெரும்பாலும் மணலில் புதைந்து கிடக்கும்போது மேலே மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். அதனால் பாதத்தைத் தூக்கி வைக்கக் கூடாது, தரையோடு இழுத்து இழுத்து நடக்க வேண்டும். மணல் அசைவதை உணர்ந்து அது விலகிவிடும். அம்மாவுக்கு இதை ஹோட்டல் அறையிலேயே இரண்டு முறை நடத்திக் காட்டுங்கள். வாலைப் பிடிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

தப்பித்தவறிக் கை காலில் குத்தினால், தோல் வேகாமல் தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரியில், வெந்நீரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது.

அம்மாவிடம் திருக்கைக் குழம்பைப் பற்றிப் படகில் பேச வேண்டாம். மீன்களுக்கும் காது உண்டு.

கொள்ளிடக்கரை | பிப்ரவரி 13

நன்றி அண்ணா. திருக்கை குத்தி இறந்துபோன தொலைக்காட்சிக்காரர் ஸ்டீவ் இர்வினை என் மனைவி நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறாள். அதற்கு என்ன சொல்வது?

பாம்பன்காற்று | பிப்ரவரி 13

அது 2006 செப்டம்பரில், ஆஸ்திரேலியாவில். படப்பிடிப்பில் திருக்கைக்கு மேலே நீந்தும்போது மார்பில் குத்தியது. மிக அரிது. உங்கள் பயணத்தில் முள்ளைவிடப் படகின் ஏணிதான் ஆபத்து. எத்தனை படி, பிடித்துக்கொள்ள இருபுறமும் கம்பி உண்டா என்று கேளுங்கள்.

பவளத்திட்டு | பிப்ரவரி 14

கடல் உயிரியல் படிக்கிறேன். எல்லோரும் மகிழ்ச்சியாகத் திட்டமிடும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

இந்தத் திருக்கைகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. முன்பு மீனவர்கள் அமைதியான அந்த நீருக்குள் வந்து மீனை அறுத்துக் கழுவி, கழிவைக் கடலில் போட்டார்கள். அதற்குப் பழகித் திருக்கைகள் வந்தன. 1980களில் முக்குளிப்பவர்கள் கையால் ஊட்டத் தொடங்கினார்கள். பிறகு கப்பல் பயணிகள். இன்றுவரை கணவாய்த் துண்டுக்காகத்தான் அவை உங்களிடம் வருகின்றன, பாசத்துக்காக அல்ல.

இயல்பில் இந்த இனம் இரவில் தனித்தனியாக இரை தேடும். திட்டில் உள்ளவை பகலில் இயங்கி இரவில் ஓய்வெடுப்பதையும், மிகச் சிறிய பரப்புக்குள் நெருக்கியடித்து வாழ்வதையும் 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்த ஆய்வுகளில், சுற்றுலா இடத்துத் திருக்கைகளுக்குக் காயங்களும் ஒட்டுண்ணிகளும் கூடுதலாக இருந்தன. திட்டில் பெரும்பாலும் பெண் திருக்கைகள், அவைதான் உருவில் பெரியவை. ஆண் திருக்கைகள் சிறியவை.

அங்கே சட்டமும் இருக்கிறது. 2013 முதல் தீவின் திருக்கைகள் பாதுகாக்கப்பட்ட உயிரினம். திட்டு தனி மண்டலம், உரிமம் பெற்ற படகுகளுக்கே இடம். திருக்கையை நீருக்கு வெளியே தூக்கக் கூடாது. ஆழமில்லாத இடத்தில் காலணி அணியக் கூடாது. அதன் தோல் மேல் உள்ள வழுவழுப்பு ஒரு பாதுகாப்புப் பூச்சு, தேய்த்தால் போய்விடும்.

நான் போகமாட்டேன். நீங்கள் போவதானால், திருக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் படங்களை விளம்பரத்தில் போட்டிருக்கும் படகை மட்டும் விட்டுவிடுங்கள். சட்டத்தை மீறுவதையே பெருமையாகப் படம் போடுகிறவர் மற்றவற்றில் எப்படி இருப்பார்?

நங்கூரம் | பிப்ரவரி 14

ஆய்வுகளை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திருக்கைகளுக்கு வருமானம் ஈட்டும் மதிப்பு இருப்பதால்தான் தீவு சட்டம் போட்டுக் காக்கிறது. இல்லையென்றால் என்றோ யாருடைய தட்டிலோ போயிருக்கும். பாம்பன்காரரைக் கேளுங்கள்.

பவளத்திட்டு | பிப்ரவரி 14

காசு கொடுத்தால்தான் உயிரோடு விடுவோம் என்பதைப் பாதுகாப்பு என்று சொல்லலாமா என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. இதை இந்த இழையில் தீர்க்க முடியாது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் சொல்லி அழைத்துப் போங்கள், போதும்.

ரொறன்ரோ_மலர் | பிப்ரவரி 15

சிறிய படகு பிடிக்கும் முன் ஒன்று கேளுங்கள் தம்பி. கழிப்பறை இருக்கிறதா? எங்கள் படகில் இல்லை. மூன்று மணி நேரம். கேட்டமரானில் பெரும்பாலும் இருக்கும். உங்கள் அம்மாவின் வயதுக்குப் பதினாறு பேர் எழுபது பேர் என்பதைவிட இது பெரிய கேள்வி. நிழலுக்குக் கூரை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

உடை விஷயத்தில், சேலை நீரில் காலைச் சுற்றும். என் மாமியார் முழங்கால்வரை கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சிக்கனசிவம் | பிப்ரவரி 15

கேட்டமரான் என்பதே நம் கட்டுமரம்தானே. ஆங்கிலேயன் பெயரை எடுத்துக்கொண்டு போய், அதில் கழிப்பறையும் வைத்து, நமக்கே வாடகைக்கு விடுகிறான்.

கொள்ளிடக்கரை | பிப்ரவரி 19

நான்கு சிறிய படகுக்காரர்களுக்கு எழுதினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் "கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் எழுதினார், அதனாலேயே கவலை வந்தது. மூன்றாமவர் படகில் கழிப்பறை இல்லை. நான்காமவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்: பவளப்பாறை முதலில், திட்டுக்கு தீவு நேரம் பத்தரை, கப்பல் நேரம் பதினொன்றரை. சிறிய கழிப்பறை உண்டு, பாதிப் படகுக்குக் கூரை, ஏணியில் இரு பக்கமும் கம்பி. கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும். கப்பல் நேரம் ஒன்றரைக்குள் ஜார்ஜ் டவுன். அன்று அட்டவணையில் மூன்று கப்பல்கள். பதிந்துவிட்டேன்.

கொள்ளிடக்கரை | ஏப்ரல் 4

போய் வந்தோம். கடன்பட்டவன் போல உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டெண்டருக்கு ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். சந்திப்பு இடத்தில் படகுக்காரரின் ஆள் பெயர்ப் பலகையோடு நின்றார். மொத்தம் பதின்மூன்று பேர். பவளப்பாறையில் அலை கொஞ்சம் தூக்கியது. அம்மா படகிலேயே உட்கார்ந்து ஸ்லோகம் சொன்னார். மகளும் மனைவியும் இறங்கினார்கள்.

திட்டை நெருங்கும்போது இரண்டு பெரிய படகுகள் எங்களைக் கடந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. நங்கூரம் ஐயா, உங்களை நினைத்துக்கொண்டேன். திட்டில் எங்களோடு மூன்று படகுகள்தான். நீர் எனக்கு இடுப்புக்குச் சற்று மேலே. மகளுக்கு மார்பளவு, லைஃப் ஜாக்கெட்டோடு நின்றாள். மகன் முதல் கறுப்பு நிழலைப் பார்த்ததும் என் கழுத்தைப் பிடித்தவன் படகு ஏறும்வரை விடவில்லை.

அம்மா ஏணியின் கடைசிப் படியில் கால் மணி நேரம் நின்றார். பிறகு யாரும் கூப்பிடாமலே இறங்கி, பாம்பன் அண்ணன் சொன்னபடி பாதத்தை இழுத்து இழுத்து நான்கடி வந்தார். ஒரு பெரிய திருக்கை அவருடைய காலை உரசிக்கொண்டு போனது. கத்துவார் என்று நினைத்தேன். குனிந்து இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, "வெண்டைக்காய் நறுக்கிய கை போல வழவழவென்று இருக்கிறது" என்றார்.

ஒரு குறை. படகில் இருந்த உதவியாளர் படத்துக்காக ஒரு திருக்கையைப் பாதி நீருக்கு மேலே தூக்கினார். மகள் ஆங்கிலத்தில் சத்தமாக, "தூக்கக் கூடாது, இது உங்கள் ஊர்ச் சட்டம்" என்றாள். அந்த மனிதர் முகம் சிவந்து இறக்கிவிட்டார். பவளத்திட்டு, இது உங்களால். அவரே பிறகு அம்மாவிடம், திருக்கைக்கு முத்தம் கொடுத்தால் ஏழு ஆண்டு அதிர்ஷ்டம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். "ஏழரைச் சனிக்கு அரை ஆண்டு குறைகிறதே" என்றார் அம்மா. இதை அவருக்கு மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை.

மலர் அக்கா, எங்கள் கைபேசிகளும் நேரத்தை மாற்றிக்கொண்டன. அம்மாவின் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் மட்டும் மாறவில்லை. மயாமியில் மகள் திருப்பி வைத்த நேரத்திலேயே ஓடியது. நாள் முழுவதும் அவரிடமே மணி கேட்டோம்.

பாம்பன்காற்று | ஏப்ரல் 4

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "நான்கடி நடந்தார்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

புதியவன்_டல்லஸ் | ஏப்ரல் 6

நாங்கள் டிசம்பர் கடைசியில் போகிறோம். இதே யோசனைகள் பொருந்துமா?

நங்கூரம் | ஏப்ரல் 6

நீங்களும் மயாமியில் கப்பல் ஏறுவதானால் கடிகாரத் தொல்லை பெரும்பாலும் இருக்காது, மயாமி நேரமும் தீவு நேரமும் அப்போது ஒன்று. டல்லஸிலிருந்து வருவதால் உங்கள் கைக்கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் முன்னே வையுங்கள். ஆனால் குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று கிளம்பினால் ஜார்ஜ் டவுனில் டெண்டர் இறக்க முடியாது. தென்கரையில் ஸ்பாட்ஸ் என்ற இடத்தில் இறக்கிப் பார்ப்பார்கள், அதுவும் முடியாவிட்டால் கப்பல் தீவைத் தாண்டிப் போய்விடும். ஸ்பாட்ஸில் இறக்கினால் எங்கே வந்து அழைத்துப் போவார்கள், கப்பல் நிற்காவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்ற இரண்டையும் பதிவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.